மூன்று பந்தும் ஒரு பொய் முழங்காலும்

நான் மூன்று விதமான பந்தை உதைத்திருக்கிறேன். மூன்றிலும் எனக்கு ஒழுங்காக வந்தது விழுவதுதான்.

கனடாவில், ஸ்காபரோ நகரில் எங்கடை ஊர்ச் சங்கங்கள் வைக்கும் உதைபந்தாட்டப் போட்டிகளில் அதைப் பழகினேன். எதிராளியின் மூச்சுப் பட்டாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவேன். வெளியே நிற்கும் அண்ணைமார், "உவனுக்கு ஒரு பெனால்ட்டியும் ஒரு சினிமாச் சான்சும் குடுங்கோடா" என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை, ரக்பியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே விழுந்தால் பத்துப் பேர் மேலே ஏறினார்கள். கொஞ்சக் காலம் விழாமல் இருந்தேன்.

பிறகு கனேடிய புட்போலில் சம்பளத்துக்கு உதைக்கிறவனானேன். முட்டை வடிவப் பந்தை ஒருவர் நிலத்தில் நிறுத்திப் பிடிப்பார், நான் அதைக் கம்பங்களுக்கு நடுவே அடிக்கவேண்டும். எனக்குப் பிடித்துத் தந்தவருக்கு முப்பத்தாறு வயது. அடுத்த வருடம் அணியில் எடுப்பார்களோ என்று அவருக்கே பயம்.

ஒரு போட்டியில் நான் அடித்தது கம்பங்களுக்கு வெளியே போனது. யாரோ ஒருவனின் தோள் என்னை லேசாக உரசியது. பழக்கம் விடுமா? ஒற்றைக் கண்ணால் ரெஃபரியைப் பார்த்தபடி உருண்டேன். ஆனால் இந்த விளையாட்டில், தவறிய பந்தை எதிராளி பிடித்துக்கொண்டு ஓடலாம். ஒருவன் என் பக்கமாகத்தான் ஓடி வந்தான். மறிக்கவேண்டிய நான் முனகிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக, பந்து பிடித்துத் தந்த அந்த மனுசன் பாய்ந்து மறித்தார். அவர் எழும்பவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்திருந்தது.

உள்ளே இரண்டு பேருக்கும் ஐஸ் கட்டினார்கள். உன் கால் எப்படி என்று அவர்தான் கேட்டார். நோகிறது என்றேன்.

வீட்டிலும் நொண்டினேன்.

"நேற்று வலக்காலை இழுத்தனீ, இண்டைக்கு இடக்காலை இழுக்கிறாய்," என்றார் அம்மா. "கால் நோ என்ன, பஸ் மாறினதோ?"

"சும்மா இருங்கோம்மா."

"உனக்குப் பந்து பிடிச்சுத் தாற அந்தப் பிள்ளைக்கு ஒப்பரேசனாம். போய்ப் பாத்தனியோ?"

"இல்லை."

"அப்ப சாப்பிட்டிட்டு வெளிக்கிடு."

அவர் வீடு பக்கத்து நகரான மார்க்கத்தில்; அவரே ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, நடித்தேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் வாயைத் திறந்தாலே பகிடி என்றுதானே அணியில் எல்லோருக்கும் பழக்கம்.

இரண்டாம் தரமும் சொன்னேன். சிரிப்பு மெல்ல நின்றது. என் இரண்டு கால்களையும் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.