சமையலறையில் பின்தங்கிய பாட்டு

“சமையல் ரூம்ல பாட்டு பின்னாடி வருது, முடிஞ்சா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க” என்று மாமனார் போனில் சொல்லும்போது பாட்டும் கூடவே கேட்கும். கூடத்தில் ஒரு குரல், அரை விநாடி கழித்துச் சமையலறையில் அதே குரல். டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டுவதுபோல, போனை இரண்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வந்த அழைப்பு அது ஒன்றுதான்.

இரும்புலியூர் வீட்டில் அவர் தனியாக இருந்தார். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவார். அதைப் பார்க்கச் சகிக்காமல், கல்யாணமான புதிதில், உள்ளங்கை அளவுள்ள சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் மூன்று வாங்கி, கூடம், படுக்கையறை, சமையலறை என்று ஆளுக்கொரு சின்ன ஸ்பீக்கரோடு பெட்டியில் அடைத்துப் பொருத்தினேன். வைஃபை வழியாக மூன்றும் ஒரே பாட்டைப் பாடும். பாடவைப்பது சுலபம், ஒரே நேரத்தில் பாடவைப்பதற்குள் உயிர் போய்விடும். நான் லேப்டாப்பில் எண்களை மாற்ற மாற்ற, அவர் நடுவழியில் கண்ணை மூடி நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார். அவர் காதை ஏமாற்ற முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு எனக்கும் அவர் மகளுக்கும் விவாகரத்து ஆயிற்று. பெரிய சண்டை ஒன்றும் இல்லை, ஒத்துவரவில்லை. அவள் புனேவுக்குப் போனாள். நான் படப்பையில் ஒற்றை அறைக்குக் குடிவந்தேன். தீர்ப்பில் எங்கள் இரண்டு பேர் பெயர்தான் இருந்தது. மாமனார் இனி எனக்கு யார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

சில மாதம் கழித்து, ரவுட்டரை மாற்றியதில் சமையலறை நிஜமாகவே பின்தங்கிவிட்டது. கூச்சப்பட்டுக்கொண்டே கூப்பிட்டார். பத்து நிமிட வேலை. கட்டி தட்டிய உப்புமா, முழங்கால் வலி, தாம்பரத்தில் பஸ் கிடைக்காத கதை என்று மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். மகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்ப மனசே வரவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, லேப்டாப்பை மூடுமுன், சமையலறைக்கு மட்டும் அரை விநாடித் தாமதத்தை நானே போட்டுவைத்தேன். நாற்பது வயதுக்காரன் செய்கிற காரியமில்லைதான். ஆனால் திரும்ப அந்த வீட்டுக்குப் போக எனக்கு வேறு காரணம் இல்லை.

அடுத்த வாரமே போன் வந்தது. போனேன், சரிசெய்தேன், கிளம்பும்போது மறுபடி கெடுத்தேன். இப்படியே இரண்டு வருஷம். வைஃபை மீதும் ஈரப்பதத்தின் மீதும் பழி போட்டேன். அவரும் இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் இப்படித்தான் என்று தலையாட்டுவார்.

போன மாதம் கூப்பிட்டபோது பின்னணியில் பாட்டு இல்லை. மகள் வந்து அழைத்துப்போகிறாள், வீட்டை வாடகைக்கு விடுகிறோம், உங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். போய் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சமையலறைப் பெட்டியில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் கையில் கொடுத்தவர், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“நீங்க வந்துட்டுப் போனாத்தான் இது பின்னாடி வரும்.”

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். தெரிந்தும் ஏன் கூப்பிட்டீர்கள் மாமா என்று கேட்டேன்.

“கூப்பிடலைன்னா நீங்க எப்படி வருவீங்க?” என்றார்.

சும்மாவே வந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மா வரலாம் என்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

படப்பை அறையில் மூன்று பெட்டிகளையும் ஒரே மேசைமேல் வைத்திருக்கிறேன். மூன்றும் சரியாக ஒரே நேரத்தில் பாடுகின்றன. குறை சொல்ல ஆளில்லை.