காமிரா முகம்

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சினிமாவுக்குப் பாட்டு எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா தரையில் நடக்கவில்லை. தேயிலை மலையில் கதாநாயகி ஆடும்போது பின்னால் நிற்க உள்ளூர் ஆட்கள் வேண்டுமாம். சித்தப்பா கண்டிக்குப் போய்ப் புதுச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி முன்னால் அவர் சிரித்துப் பழகியதைப் பார்த்து நானும் பழகினேன்.

படப்பிடிப்பன்று காமிராக்காரர் சித்தப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த நேரம் பார்த்து அப்பா, கரி படிந்த முகத்தோடு, கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரிலிருந்து வெளியே வந்தார்.

"யாருய்யா அது? அப்படியே நில்லுங்க! காமிரா முகம்யா!"

அப்பா தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நமக்கு இதெல்லாம் சரிவராதுங்க. உள்ள மிசின் ஓடுது."

கொழுந்துக் கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள், "கூப்பிடுறாங்கல்ல, போங்களேன்."

அப்பா போனார். கொழுந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"காமிரா முகம்னா என்னா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"நேர்ல சுமாரா இருப்பாங்க. படத்துல எடுத்தா ஜொலிப்பாங்க. நான் அதுக்கு நேர்மாறு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

படம் கண்டிக்கு வந்ததும் எல்லோரும் பஸ் ஏறிப் போனோம். பாட்டு வந்தது. மூட்டையை இறக்கிவிட்டு அப்பா நிமிர்ந்தார். அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு அழகான ஒருவர்! சித்தப்பா கதிரையில் ஏறி நின்று, "எங்க அண்ணன்! எங்க அண்ணன்!" என்று விசிலடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜமான அப்பாவோ தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் அசையவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடியும் அந்தப் படத்துக்குப் போகவேண்டும் என்றாள்.

"பார்த்த படம்தானே?" என்றார் அப்பா.

"கதை சரியா விளங்கலைங்க."

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது முழுக் கதையையும் அவளுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனாலும் படம் முடிந்து வெளியே வந்தபோது, இன்னும் விளங்கவில்லை என்றுதான் சொன்னாள்.