தவில் அய்யாக்கண்ணுவின் மெடல் டெல்லி போன கதை

புதன், காலை ஏழே கால். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் முக்கால் மணி நேரத் தாமதத்தில் புதுடெல்லியில் என்னை இறக்கிவிட்டது. மன்னார்குடியிலிருந்து இடுப்பில் முடிந்துகொண்டு வந்த பொருளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். கலைகளை ஆதரித்த ஒரு மகாராஜாவைப் போற்றி அடித்த வெள்ளி மெடல் அது. அவர் சபையில் வாசித்ததற்காக என் கொள்ளுத்தாத்தா தவில் அய்யாக்கண்ணுவுக்குக் கிடைத்தது. ராஜாக்கள் கலை வளர்த்ததைப் பற்றி இங்கே கண்காட்சி வைக்கிறவர்கள் அதை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டிருந்தார்கள். தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மயூர் விஹாருக்கு முந்நூறு கேட்ட ஆட்டோக்காரர் இருநூற்றைம்பதுக்கு வந்தார். அங்கே என் பள்ளித் தோழி செல்வி இருக்கிறாள். மெடலைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டாள்.

"ராஜாவுக்கு மூக்கையே காணோமேடி!"

எப்படி இருக்கும்? ஆயுத பூஜை தவறாமல் திருநீறு போட்டுத் தேய்த்துத் தவிலுக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நாலு தலைமுறைத் தேய்ப்பில் ராஜா மழுங்கிப்போனார். பின்பக்கத்தில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. அய்யாக்கண்ணு ஊர் ஆசாரியிடம் கொடுத்துத் தன் பெயரைத் தமிழில் வெட்டி வாங்கிய பக்கம் அது. கச்சேரிக்கு மார்பில் குத்திக்கொள்ள மேலே ஒரு ஓட்டையும் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மெட்ரோவில் மண்டி ஹவுஸ் போய் இறங்கினேன். கண்காட்சியில் வரவேற்ற கார்த்திக் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் முன்பே அனுப்பிய படங்களைப் பார்த்து வெல்வெட்டில் இடம் ஒதுக்கி, இந்தியிலும் ஆங்கிலத்திலும் அட்டை எழுதி வைத்திருந்தார். ராஜாவின் பெயர், வெள்ளி, பின்புறம் கீறல்கள். அவ்வளவுதான்.

"பேக் சைடுல ஃபுல்லா ஸ்கிராட்ச் இருக்கு ஆண்ட்டி. டேமேஜ் எழுதியே ஆகணும்."

"அது ஸ்கிராட்ச் இல்ல தம்பி, தமிழ். அய்யாக்கண்ணுன்னு போட்டிருக்கு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "சாரி ஆண்ட்டி. தமிழ் பேசுவேன், படிக்க வராது."

அதற்கு நான் கோபப்படவில்லை. அட்டையில் பெயரைப் போட்டு, பெயர் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள் என்றேன். உள்ளே போய் அதிகாரி மேடத்தைக் கேட்டுவிட்டு வந்தார். கீறல் என்ற வார்த்தையை எடுத்துவிடலாமாம். ராஜா முகம்தான் மேலே இருக்க வேண்டுமாம். பரிசு வாங்கியவர் பெயருக்கு அட்டையில் இடமில்லையாம்.

"எக்ஸிபிஷனே ராஜாக்களப் பத்திதானே ஆண்ட்டி."

அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரல் வீங்க வீங்க அடிச்சது யாரு? ராஜாவா?" என்று கேட்டுவிட்டு மெடலை எடுத்து மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வீம்பு எதுக்குடி? அச்சா, ராஜா மூஞ்சியாவது நாலு பேர் பாக்கட்டுமே" என்றாள் செல்வி அன்று மாலை.

"மூஞ்சிதான் இல்லியே" என்றேன்.

வியாழக்கிழமை கண்காட்சி திறந்தார்கள். நுழைவுச் சீட்டு ஐம்பது ரூபாய். செல்விக்கும் எனக்குமாக இரண்டு வாங்கினோம். நான் பட்டுப்புடவை கட்டி, அய்யாக்கண்ணுவின் பெயர் வெளியே தெரிய மெடலை ஊக்கால் மார்பில் குத்தியிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் வட்டமாக ஒரு காலி இடம். ராஜாவின் அட்டை மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஒரு பஞ்சாபி அம்மாள் என் மார்பைக் காட்டி, எந்த ராஜா என்று இந்தியில் கேட்டார்.

"ராஜா இல்ல, தவில் வாசிச்சவர்னு சொல்லுடி. பேரு அய்யாக்கண்ணுன்னு சொல்லு" என்றேன்.

செல்வி சொன்னாள். அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளே சொன்னாள்.

கார்த்திக் ஓடிவந்தார். "ஆண்ட்டி, மேடம் பாக்கறாங்க."

"நல்லா பாக்கட்டும். சீட்டு வாங்கிட்டுத்தான் நிக்கிறேன்."

எங்கள் ஊரில் இந்த மெடல் கண்ணாடிக்குள் இருந்ததே கிடையாது. தவில் அதிர அதிர ஒரு மனிதனின் மார்பில் ஆடிய பொருள் இது. ஐந்து மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். அட்டையை அதுவரை யாரும் மாற்றவில்லை. ஊக்கைக் கழற்றாமலே மெட்ரோ ஏறினேன்.

ஊருக்கு ரயில் ஞாயிற்றுக்கிழமைதான். கண்காட்சிச் சீட்டு நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்தானே.