தொட்டியில் நனைத்த கை

அவளைக் கத்தரி என்று கூப்பிட இரண்டு காரணங்கள் இருந்தன. மீன் அவள் கைக்கு வந்தால் தலை, வால், செதிள் மூன்றும் மூச்சு விடுவதற்குள் தனித்தனியாகிவிடும். பேச்சும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நறுக்கிவிடுவாள். வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருடங்களை மீன் வெட்டும் கொட்டகையில் ஒரே பலகைக்கு முன்னால் நின்றபடி கழித்திருந்தாள்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவளுக்காக அல்ல. அவளுடைய மாமியாருக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, இடது பக்கம் அசையாது. புரட்டிப் படுக்கவைக்க, குளிப்பாட்ட, ஊட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள் நான், நர்ஸ் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

“அதனால என்ன? நர்ஸம்மான்னே கூப்பிடறேன். கூப்பிட்டதுக்குத் தனியா சம்பளம் கேக்காதீங்க, அவ்வளவுதான்” என்றாள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறைகள், ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் கொட்டகையின் தகரக் கூரை தெரியும். புருஷன் அதே கொட்டகையில் ஐஸ் உடைப்பவர். சாது. “இவரு ஒரு வார்த்தை பேசி முடிக்கறதுக்குள்ள ஒரு பாளம் ஐஸ் உருகிடும்” என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவர் அதற்கும் சிரிப்பார்.

பத்து வருடங்களுக்கு முன்பு அவளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சர்க்கரையும் உண்டு. மாத்திரைகளை மாமியாரின் மருந்து டப்பாவில் நான்தான் சேர்த்து வைப்பேன். ஞாபகம் வந்தால் விழுங்குவாள்.

ஒரு நாள் அவள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதால் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். பாதி தரையிலும் பாதி தண்ணீருக்கு மேலும் நிற்கிற நீளமான கட்டடம் அது. வாசலை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. காலையில் கடல் தண்ணீரைக் குழாய் வழியாக அதில் இறைப்பார்கள். அடியில் இருந்த துளை எப்போதோ அடைத்துக்கொண்டதால் யாரும் அதைக் காலி செய்ததில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுவார்கள். வெயில் மாதங்களில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக, இலேசான பச்சையாக இருக்கும்.

நான் போன நேரத்தில் ஒருத்திக்குத் துடுப்பு முள் குத்தியது. கத்தியைக் கீழே வைத்தாள், ஒன்றும் பேசாமல் தொட்டிக்குப் போனாள், கையை மணிக்கட்டு வரை முக்கினாள், காயத்தைப் பிதுக்கினாள், வாய்க்குள் எண்ணினாள். குத்தின மீன் எந்தத் தண்ணீரிலிருந்து வந்ததோ அதிலேயே கையைக் காட்ட வேண்டுமாம். விஷம் வந்த வழியே திரும்பிப் போய்விடுமாம். இருபது எண்ண வேண்டும். பத்தொன்பதில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

“நல்ல தண்ணிக் குழாய் பக்கத்துலயே இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவினா என்ன?” என்று கேட்டேன்.

“உப்புத் தண்ணியில எந்தப் பூச்சி உயிரோட இருக்கும் நர்ஸம்மா?” என்றாள் கத்தரி.

“நீ வெட்டற மீனு இருந்துச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு சரி. அன்றும் அதற்கடுத்த நாளும் எல்லாக் கைகளும் அந்தத் தொட்டிக்குள்தான் போயின.

சிரிக்காதவர் ஒருவர்தான். தொட்டிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளி. அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஐஸ் அரைக்கும் மெஷினில் போய்விட்டது என்று கொட்டகையில் எல்லோரும் சொன்னார்கள். சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். அவ்வப்போது அந்தக் குறைக் கையை, ஈரத்தை உதறுவது போல உதறிக்கொண்டார். இல்லாத காலில் அரிப்பதாகவும் இல்லாத விரல் வலிப்பதாகவும் சொன்னவர்களை நான் பராமரித்திருக்கிறேன். நரம்புகள் அப்படித்தான். அதனால் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு காலை வழக்கம்போல் ஏழு மணிக்குப் படியேறினேன். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கத்தரி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வலது கையை வைத்திருந்தாள். யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைக் காவல் காப்பவள் மாதிரி இருந்தது.

“என்ன ஆச்சு?”

“நேத்து மத்தியானம் முள்ளு குத்திச்சு. ஒண்ணுமில்ல. நனைச்சேன். இருபது எண்ணினேன்.”

கட்டைவிரலுக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு நாணயம் அளவுக்குச் சிவப்பு. வீக்கம்கூடச் சொல்லும்படி இல்லை. ஆனால் அவள் பற்கள் தந்தியடித்தன. அத்தனை வெக்கையிலும் உடம்பு நடுங்கியது. முகம் தண்ணீரில் முக்கியெடுத்தது போல வேர்த்திருந்தது.

“வலிக்குதா?”

“வலிக்குதாவா? உள்ளே யாரோ கொதிக்கிற எண்ணெயை ஊத்திக்கிட்டே இருக்காங்க.”

முன்பொரு முறை சுண்டுவிரல் நுனியை வெட்டிக்கொண்டபோது சிரித்தவள் அவள். கடுகளவு காயத்துக்கு இவ்வளவு வலி இருக்கக் கூடாது. மேலே எதுவும் தெரியாமல் அடியில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். நான் பயந்தது அந்தக் கை பார்க்க நன்றாக இருந்ததால்தான்.

“கொஞ்சம் படுத்து எந்திரிச்சா…” என்று புருஷன் ஆரம்பித்தார்.

“படுக்கவா? பெரிய மீனு வர நாள் இது. ஒம்பதுக்குப் பலகையில நிக்கணும்.”

பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். பக்கத்தில் நேரம் எழுதினேன்: ஏழு பத்து.

“என்ன நர்ஸம்மா, கையில படம் வரையறீங்க?”

“அசையாம இரு.”

மாமியாரைப் புரட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு வந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே வந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டேன். இந்த முறை விலகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கும்போது அது அசையவில்லை. நேரம் பார்க்கக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்த அறைக் கட்டிலில் இருந்து மாமியார் கழுத்தைத் திருப்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக் கொட்டவில்லை.

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு.”

“முள்ளு குத்தினதுக்கு ஆஸ்பத்திரியா? கொட்டகையில சிரிச்சே கொன்னுடுவாங்க.”

“சிரிச்சா சாக மாட்டே. இதுல செத்துடுவே.”

“நல்ல வார்த்தையே உங்க வாயில வராதா?”

எழுந்திருக்க மறுத்தாள். ஒரு மாத்திரை போதும், மத்தியானம் பார்க்கலாம் என்றாள். மத்தியானத்துக்குள் அந்தச் சிவப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை, அவள் புருஷனுக்குத் தைரியமில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் காவலாளி நின்றார். அந்த வீட்டுப் படியை அவர் அதற்கு முன் மிதித்ததே இல்லை. மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கியது.

“வாங்கண்ணே. யாரு சொன்னாங்க உங்களுக்கு?” என்றாள் கத்தரி.

“யாரும் சொல்லல.” உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றார். கையைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார். “நேத்து நீ கையை நனைச்சப்போ, என் கையை யாரோ பிடிச்சாங்க.”

“எந்தக் கையை?”

“இல்லாத கையை.”

அவர் பற்களால் ஊக்கைக் கழற்றி, சட்டைக் கையை மேலே தள்ளினார். வெட்டுப்பட்ட இடத்துக்கு மேலே தோள் வரை நீளநீளமாகத் தழும்புகள். மெஷின் அப்படிக் கிழிக்காது. அது டாக்டர் கத்தி போட்ட இடம்.

“ராத்திரி ஆளில்லாத நேரத்துல மெஷின்ல போச்சுன்னு நாந்தான் சொன்னேன். முள்ளு குத்திக் கை போச்சுன்னா யாரு நம்புவா? ஆம்பளைக்கு அது ஒரு பேச்சா? உன்ன மாதிரியேதான் நனைச்சேன், எண்ணினேன். ரெண்டு நாளு வீட்டுலயே படுத்துக் கிடந்தேன். மூணாவது நாளு கையை எடுத்துட்டாங்க. ஆனா அது இன்னும் அந்தத் தொட்டிக்குள்ளதான் இருக்கு. எப்பவும் ஈரமா இருக்கும். மூணு வருஷமா அதுல எல்லாரும் நனைக்கிறாங்க, எதுவும் தெரிஞ்சதில்ல. நேத்துதான் பிடிச்சாங்க.”

கத்தரி முதல் தடவையாக ஒரு பேச்சையும் நறுக்காமல் கேட்டாள். பிறகு இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“செருப்பை எடுங்க” என்றாள் புருஷனிடம்.

நரம்புகளுக்கு என்னிடம் விளக்கம் உண்டு. தொட்டிக்குள் போன அத்தனை கைகளில் இந்த ஒரு கையை மட்டும் அவர் எப்படி அறிந்தார் என்பதற்கு இல்லை. அதைத் தேடும் நேரமும் அது இல்லை. வாடகை வண்டி பிடித்தோம்.

அவசரப் பிரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு இருக்கிற மரியாதை கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குக் கிடையாது. உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன்: “நேத்து மத்தியானம் கடல் மீன் முள்ளு குத்தியிருக்கு. கடல் தண்ணியில காயத்தை நனைச்சிருக்கா. கல்லீரல் கெட்டிருக்கு, சர்க்கரை இருக்கு. குளிர் ஜுரம். ஏழு பத்துக்குச் சிவப்பு இங்க இருந்துச்சு, ஏழரைக்கு இங்க. இப்ப எட்டு அஞ்சு, பாருங்க.”

நடந்து வந்த இளம் டாக்டர் கோடுகளைப் பார்த்துவிட்டு ஓடித்தான் உள்ளே போனார். சிவப்பு முழங்கையைத் தொட்டிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புறங்கையில் தோல் மெல்ல எழும்பியது. கருநீலமாக, திராட்சை அளவுக்கு ஒரு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று.

“இது என் கை மாதிரியே இல்லையே” என்றாள் கத்தரி. மெதுவாக, யாரோ தூங்குவதைக் கலைக்காமல் பேசுகிறவள் போல.

இரண்டு வகை ஆன்டிபயாடிக் மருந்தை ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். அறுவைச் சிகிச்சை செய்யும் பெண் டாக்டர் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. கடல் தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி சதையைத் தின்றுகொண்டே போகிறது, கெட்டதை வெட்டி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கையையும் எடுப்போம், சம்மதமா என்று கேட்டார். புருஷன் வாயைத் திறந்தார்.

“டாக்டரம்மா, அவரைக் கேட்டா சாயங்காலம் ஆயிடும். நாஞ் சொல்றேன். கையில்லாம வாயிருந்தா பொழச்சுக்குவேன். காகிதத்தைக் கொடுங்க” என்று இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

தள்ளுவண்டி நகரும்போது என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் வாயருகே குனிந்தேன்.

“எடுத்துட்டா அதை எங்க போடுவாங்க நர்ஸம்மா? தண்ணியில மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றேன். சொன்னேன்.

நான்கு நாட்களில் மூன்று முறை அறுத்தார்கள். மூன்றாவது நாள் வரை அவள் பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. சுண்டுவிரல் போனது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு பக்கச் சதை போனது. கை தங்கியது. தொடையிலிருந்து தோலை எடுத்துப் போர்த்தினார்கள்.

அந்த நாட்களில் அவள் புருஷன் ஐஸ் உடைக்கும் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய், யாரையும் கேட்காமல், தொட்டியை உடைத்திருக்கிறார். அடியில் ஒரு முழம் சேறு. சேற்றில் ஒரு வாளி முள்ளும், ஏழெட்டுத் துருப்பிடித்த கத்தி நுனிகளும், ஒரு பெண்ணின் மோதிரமும் கிடந்தனவாம். மோதிரம் தன்னுடையது என்று கொட்டகையில் ஒருவரும் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் கத்தரி கொட்டகைக்குப் போக வேண்டும் என்றாள். நான் கூடப் போனேன். இனி பச்சை மீனைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வெட்டப் போகவில்லை. வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில் தன் பழைய பலகையை நன்றாகக் கழுவித் துடைக்கச் சொன்னாள், அதன்மேல் ஒரு சுத்தமான துணியை விரிக்கச் சொன்னாள். கட்டைப் பிரித்து, கையை அதன்மேல் வைத்தாள். வெட்டி முடித்த மீனை வைப்பது போலத்தான் வைத்தாள். சிவந்து, பள்ளம் விழுந்து, நான்கு விரல்களோடு அது கிடந்தது.

கத்திகள் நின்றன. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள்.

“மூடி வையேன்டி, மத்தியானச் சாப்பாடு இறங்காது” என்றாள் பக்கத்துப் பலகைக்காரி.

“இறங்க வேணாம். நல்லாப் பாரு. முள்ளு குத்தி இப்படி ஆச்சு. கையில வெட்டு இருந்தா தண்ணி புகாத பிளாஸ்திரி ஒட்டு, மேல கனமான கையுறை மாட்டு. குத்தினா அந்த நிமிஷமே குழாய்த் தண்ணியும் சோப்பும். வலி ஏறுச்சுன்னா, சிவந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஓடிப்போய் மீனு குத்திச்சுன்னு வாயைத் திறந்து சொல்லு. உங்கள்ல யாருக்கு ஈரல்ல கோளாறு, யாருக்குச் சர்க்கரை?”

பார்வைகள் அவரவர் பலகைக்குத் திரும்பின.

“வெக்கமா இருக்கா? சரி. கையை மட்டும் தூக்குங்க. வாயால சொல்ல வேணாம்.”

தரைப் பலகைகளுக்கு அடியில் தண்ணீர் வந்து மோதிக்கொண்டே இருந்தது. பிறகு பின்வரிசையில், செதிள் ஒட்டிய ஒரு கை மேலே எழுந்தது. அப்புறம் இன்னொன்று. பக்கத்துப் பலகைக்காரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தன்னுடையதையும் தூக்கினாள்.

நான் எண்ணினேன். பதினொன்று.