காபந்து பிரதமரின் ரப்பர்

எங்கள் நாட்டைத் தொண்ணூறு நாள் ஆண்ட மனிதரிடம் நான் இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி யார் யாரோ கேட்கிறார்கள். ஒரு வார்த்தைக்கே எனக்கு மூச்சு வாங்குகிறது, நாலுக்கு எங்கே போவேன்?

தபால் ஆபீஸ் குமாஸ்தாவின் மகன். படிப்பில் சூரர். வெளிநாடு போய்ப் பொருளாதாரத்தில் பெரிய பட்டம் வாங்கி வந்து, ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து, நாற்பது வயதுக்குள் அதற்கே இயக்குநர் ஆனார். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் பென்சிலில் இருந்தது.

அவர் எதையும் பென்சிலில்தான் எழுதுவார். மேஜைமேல் சீவிய பென்சில் மூன்று இருக்கும். பழைய சோப்பு டப்பா மூடியில் ஒரு வெள்ளை ரப்பர் இருக்கும். எதிரே யார் வந்து நின்றாலும், "நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு" என்பார். அவர்கள் கண் முன்னாலேயே காகிதத்தின் ஓரத்தில் 'செய்யலாம்' என்று எழுதி இரண்டெழுத்துச் சுருக்கொப்பமும் போடுவார். வந்தவர் குளிர்ந்துபோய்க் கும்பிடு போட்டுவிட்டுப் போவார். கதவு சாத்தியதும் இவர் ரப்பரை எடுப்பார். அடுத்தவர் நேர் எதிராகக் கேட்டு வருவார். அதே இடத்தில் அதே 'செய்யலாம்'. அப்புறம் அதே ரப்பர். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்கைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு அறை ஒதுக்கிச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

"உங்க சார் வேலை செஞ்ச அன்னிக்குத்தான் எனக்கு வேலை ஜாஸ்தி" என்பாள் ரப்பர் தூளைப் பெருக்குகிறவள். அவர் மனைவி அதற்கும் மேலே. "கல்யாணத்துக்குச் சம்மதம்னு பென்சில்லதான் எழுதிக் குடுத்தாரும்மா. அழிக்கிறதுக்குள்ள எங்கப்பா பத்திரிகை அடிச்சிட்டாரு" என்று ஒருநாள் போனில் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆள் யாரும் எதிரே வந்து நிற்காத விஷயங்களில் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிடும். அரசு மருத்துவமனைகளின் செலவை ஆராயச் சொன்னபோது அப்படித்தான். சின்ன ஊர்களில் உள்ள மூன்று டயாலிசிஸ் பிரிவுகளை மூடிவிட்டுத் தலைநகரில் ஒன்றாகச் சேர்க்கலாம், நோயாளியின் சராசரிப் பயண நேரம் ஐம்பது நிமிடம்தான் ஆகும் என்று அறிக்கை எழுதினார். தலைநகரில் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறவரையும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வருகிறவரையும் ஒன்றாகக் கலக்கினால் ஐம்பது நிமிடம்தான் வரும். அந்த மூன்று ஊர்களில் ஒன்று என் ஊர். அறிக்கையை டைப் அடித்தது என் கை. அப்போது என் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் நன்றாக இருந்தன. எனக்கென்ன வந்தது என்று அடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அறிக்கை எட்டு வருடம் தூங்கியது. அதற்குள் என் வீட்டுக்காரரின் கிட்னி இரண்டும் கெட்டுப்போயின. நான் வாரத்தில் ஐந்து நாள் தலைநகரில் மகளிர் விடுதியில் இருந்தேன். அவர் ஊரில் கடிகாரம் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பாராளுமன்றம் கலைந்தது. தேர்தல் முடியும்வரை ஒரு காபந்து பிரதமர் வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதியை இந்தக் கட்சி வேண்டாம் என்றது. பழைய தளபதியை அந்தக் கட்சி வேண்டாம் என்றது. எங்கள் சார் பெயர் வந்ததும் இரண்டு கட்சித் தலைவர்களும், "நம்ம ஆளு" என்றார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? இருவர் கண் முன்னாலும் 'செய்யலாம்' என்று எழுதிக் காட்டியவர்தானே.

இப்படியாக, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் நாட்டின் தலைவரானார். பெரிய அறை, பெரிய மேஜை, வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர். மேஜைமேல் அதே சோப்பு டப்பா மூடி. என்னையும் கூடவே கூட்டிப் போனார். அவருடைய எழுத்து வேறு யாருக்கும் புரியாது.

மூன்றாவது வாரம் சுகாதாரத் துறையிலிருந்து கோப்பு வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த அறிக்கை கண் விழித்துவிட்டது. மூன்று பிரிவுகளின் அனுமதியும் மாதக் கடைசியோடு முடிகிறது. இரண்டு வருடம் நீட்டிப்பதா, மூடுவதா? நீட்டிக்கக் காபந்து அரசுக்கு அதிகாரம் உண்டு என்று செயலாளரே குறிப்பு எழுதியிருந்தார். சுருக்கொப்பம் ஒன்று போதும். இவர் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக ஒன்பது நாள் ஓட்டினார்.

ஊருக்குப் போனபோது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தலைநகர்ல போய்ப் பண்ணிக்க முடியாதா?" என்றார், லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

"அங்க ஆறு மாசம் வெயிட்டிங் லிஸ்ட்."

"எனக்கு ஆறு நாளே அதிகமாச்சே" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை.

திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பிரிவின் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டேன். "நேர்ல வாங்க. ஒண்ணும் பேச வேண்டாம், அவர் முன்னாடி போய் நில்லுங்க. அது போதும்" என்றேன். புதன்கிழமை நாலே முக்காலுக்கு அவருக்கு நேரம் குறித்தேன். ஐந்து மணிக்குக் கோப்புகளை எடுத்துப் போக ப்யூன் வருவார். நாலரைக்கு டீ கொண்டு போனபோது சோப்பு மூடியிலிருந்த ரப்பரை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கியது. பெரிய வைரத்தைத் திருடுகிறவளுக்குக்கூட இத்தனை நடுக்கம் இருந்திருக்காது.

தலைமை நர்ஸ் போய் நின்றார். ஐந்தடி உயரம், கஞ்சி போட்ட வெள்ளை உடை. "எங்ககிட்ட நாப்பத்தியோரு பேர் இருக்காங்க சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார் பிரதமர். ஆஸ்பத்திரிக் கோப்பின் ஓரத்தில் 'செய்யலாம்' என்று எழுதினார். இரண்டெழுத்தும் போட்டார்.

நர்ஸ் போனார். ப்யூன் வந்தார். அடுக்கில் மேலே இருந்த கோப்பை நானே எடுத்து அவர் கையில் கொடுத்து, "நேரா செயலாளர்கிட்ட" என்றேன். சார் அதைக் கவனிக்கவில்லை. அவர் மேஜைக்கடியில் இருந்தார்.

ஆமாம், நாட்டின் பிரதமர் முட்டி போட்டுத் தவழ்ந்து ரப்பர் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் ரப்பரைப் பாத்தியா?"

"இல்லையே சார்."

"அந்த ஆஸ்பத்திரி ஃபைல்?"

"செயலாளர் ரூமுக்குப் போயிடுச்சு சார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்திரண்டு வருடக் கோபம் என் வாயைச் சும்மா இருக்க விடவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்க. லைன் போட்டுத் தரட்டுமா?"

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். போனைக் கையில் எடுத்தார். என் வீட்டுக்காரரின் உயிர் அந்த வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நிறுத்து என்று சொல்வதும் ஒரு முடிவல்லவா?

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே உத்தரவு போய்விட்டது. கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தொண்ணூறு நாள் முடிந்து அவர் இறங்கியபோது, ஒரு குறையும் வைக்காமல் போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. ஒன்றுமே செய்யாதவர் என்ன குறை வைப்பார்? ஆனால் டயாலிசிஸ் உத்தரவை மட்டும் எல்லோரும் தூக்கிப் பிடித்தார்கள். தன் அறிக்கையையே மாற்றிக்கொண்ட மாமனிதராம்! புதிதாக வந்த சுகாதார அமைச்சர், "இந்த விஷயத்துல பெரியவர் சொல்றதுதான் எனக்கு வேதம்" என்று மேடைக்கு மேடை பேசினார்.

பெரியவர் சுயசரிதை எழுத உட்கார்ந்தார். நான் வாரம் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் டைப் அடித்துக் கொடுத்தேன். நீட்டித்த இரண்டு வருட அனுமதி முடிய மூன்று மாதம் இருக்கும்போது அந்த அத்தியாயம் வந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "அன்று என் கை நடுங்கவில்லை. யாரையும் கலக்காமல், தன்னந்தனியாக, அந்த நாற்பத்தியோரு உயிர்களுக்காக நான் முடிவெடுத்தேன். இனி யாரும் அதை மாற்றக் கூடாது."

விரல் நின்றுவிட்டது. கைப்பையில் ரப்பர் இருந்தது. எடுத்து முகத்துக்கு நேரே நீட்டி, அய்யா வீரரே, இது என்ன தெரியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் மொத்த அத்தியாயத்தையும் அவர் அழித்திருப்பார். முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "உங்க சார் வீரரா இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு மெஷின் ஓடினாச் சரி."

ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். 'யாரும் மாற்றக் கூடாது' என்பதைத் தனி வரியாக அடித்தேன்.

அந்த அத்தியாயத்தை ஒரு பத்திரிகை முன்கூட்டியே போடுவதாக இருந்தது. கீழே அவர் கையெழுத்தும் வேண்டுமாம். காகிதத்தை முன்னால் வைத்தேன். அவர் கை மேஜையைத் துழாவியது.

"பென்சில் எங்கம்மா?"

"எல்லாம் முனை உடைஞ்சு போச்சு சார்" என்று என் பேனாவைத் திறந்து நீட்டினேன்.

பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எதிரிலேயே நின்றேன். எதிரே ஆள் நின்றால் 'முடியாது' என்று அவரால் சொல்ல முடியாது. கடைசியில் முழுப் பெயரையும் எழுதினார், நீல மையில். அந்தக் கை நன்றாகவே நடுங்கியது.

மை காயும்வரை காகிதத்தை அவர் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.