பச்சைக்கிளி இல்லாத நூல்

இரண்டாவது பிரசவத்துக்கு அன்னூரில் தாய்வீடு போயிருந்த என் மனைவி, பிறந்த மகளோடு திரும்புவதற்கு முன், அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மில்லில் வாங்கிய துண்டுத்துணிகளில் இலவம்பஞ்சு அடைத்துக் கிளிகள் தைத்து, தொட்டிலுக்கு மேலே தனித்தனி நூலில் கட்டினேன்.

"பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கு!" என்று அம்மா சிரித்தாள்.

மகளோடு வந்து சேர்ந்த மனைவி அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். முதல் பையனுக்கும் இப்படித்தான் கட்டியிருந்தேன். காய்ச்சலில் அவன் போனபோது, கையில் பிடித்திருந்த பச்சைக்கிளியையும் அவனோடு புதைத்தோம். இப்போதும் அதேபோல ஒரு பச்சைக்கிளி தைத்திருந்தேன்.

"அந்தப் பச்சையக் கழட்டிப்போடுங்க. அது அவனோடதுங்க. கழட்டுனாத்தான் புள்ளையப் படுக்க வெப்பேன்."

கிளியைக் கழற்றினேன், நூல் மட்டும் தொங்கியது.

மகள் மற்ற கிளிகளைப் பார்க்கவே இல்லை. அந்த வெறும் நூலையே பார்த்துச் சிரித்தாள். சன்னலைச் சாத்திய பிறகும் நூல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. படித்தவன் ஆயிற்றே, காற்று என்று சொல்ல வாயெடுத்தேன். நூலை அறுக்கப் போனேன்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்க. தங்கச்சியப் பாக்க வந்திருக்கறான். பாத்துப்போட்டுப் போகட்டும்."