மாவுக்குக் குளிருது

போன சனிக்கிழமை, லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு. ரூ பெர்தொனேயில் குளிருக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கி, பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குணம் அண்ணை பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் பலசரக்குக் கடையில் வேலை. ஆனால் சொபாஜ் — அதுதான், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் பிரெஞ்சுப் பெயர் — விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர். எங்கள் ஆட்கள் யார் வீடு மாறினாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள்.

"கரண்ட் சொபாஜ் பூட்டப் பெரிய செலவில்லை, தம்பி. பில் வரேக்கைதான் நெஞ்சடைக்கும். காஸ் எண்டால் பில் குறைவு. ஆனால் வருசா வருசம் ஆள் வந்து பொயிலரைப் பாக்கோணும், அதுக்கொரு காசு. கட்டடம் முழுக்க ஒரே சொபாஜ் எண்டால்... நீ ஜன்னலைத் திறந்து வைச்சாலும் காசு, மூடி வைச்சாலும் காசு!"

"அப்ப எதுதான் அண்ணை மலிவு?"

"நிப்பாட்டி வைக்கிற சொபாஜ்!"

சிரித்தேன். "வீட்டை வா, அக்கா தோசை சுடுறா" என்று ரயிலேற்றி, கார்ஜ் லே கொனெஸில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனபிறகுதான் தெரிந்தது — மனிதர் பகிடி விடவில்லை!

வீட்டுக்குள் ஜாக்கெட்டைக் கழற்ற மனம் வரவில்லை. அவர் மனைவி வசந்தி அக்கா சிரித்த முகத்தோடு தட்டைக் கொண்டு வந்தார். தோசை இல்லை. பாண் ரொட்டியும் சம்பலும்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி, மா பொங்கேல்லை. அதுக்குக் குளிருது."

"கம்பளியாலை சுத்தி வையும் எண்டு சொன்னனானே?" என்றார் அண்ணை.

"சுத்தித்தானே வைச்சிருக்கிறன்."

எட்டிப் பார்த்தோம். சமையலறை மேசையில் மாப் பானை. அதைச் சுற்றி அக்காவின் கம்பளிச் சால்வை. அக்காவோ மெல்லிய ஸ்வெட்டரில், கைகளைக் கக்கத்துக்குள் வைத்தபடி நின்றார்.

"மூண்டு கிழமையாச் சொல்லுறன், மாவுக்குக் குளிருது, மாவுக்குக் குளிருதெண்டு..."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நம் வீடுகளில் யார்தான் 'எனக்குக் குளிருது' என்று சொல்கிறார்கள்? பிள்ளைக்குக் குளிரும். பூச்செடிக்குக் குளிரும். மாவுக்குக் குளிரும். ஊருக்கெல்லாம் சொபாஜ் கணக்குச் சொன்ன அண்ணை, வசந்தி அக்காவின் விரல்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

அண்ணை போய் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையைச் சட்டென்று விடவுமில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது... ஆசையாகவும் இருந்தது.

பிறகு ஹாலில் இருந்த சொபாஜின் குமிழைத் திருகினார். தூசி கருகும் மணம் வந்தது.

"மாவுக்காகத்தான் போட்டனான்" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

"ஓம், மாவுக்குத்தான்" என்றார் அக்கா. ஒரு கதிரையை இழுத்து சொபாஜுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அண்ணையும் தன் கதிரையை அங்கேயே இழுத்தார்.

சமையலறையிலிருந்த மாப் பானையைத் தூக்கி வர இருவருக்குமே ஞாபகமில்லை!